பண்ணைக் கட்டுமான வேலைக்கு எரித்த டீசலுக்கு வரிக் கிரெடிட் உண்டா? (ஆஸ்திரேலியா)

கேள்வி: வாய்க்கால்

வணக்கம். நியூ சவுத் வேல்ஸில் கோதுமையும் ஆடுகளும் உள்ள பண்ணை. கணவன் மனைவி கூட்டாண்மை, ஏபிஎன் (தொழில் பதிவு எண்) இருக்கிறது, ஜிஎஸ்டி பதிவும் இருக்கிறது. உழவு, விதைப்பு, மருந்தடிப்புக்கான டீசலுக்கு எரிபொருள் வரிக் கிரெடிட்டை (டீசல் விலையில் அடங்கிய கலால் வரியைத் திரும்பப் பெறுவது) பிஏஎஸ் என்ற காலாண்டு வரிப் படிவத்தில் வழக்கமாகக் கோருகிறோம். போன ஆண்டு மொத்தம் 6,000 டாலர் சுமார்.

இந்த ஜூலை–செப்டம்பர் 2025 காலாண்டில் பயிர் வேலையைவிடக் கட்டுமான வேலைதான் அதிகம்:

– புதிதாக ஒரு குட்டை வெட்டினோம். வாடகை எக்ஸ்கவேட்டர், 20 டன். ஓட்டியதும் நாங்கள், டீசலும் எங்கள் டேங்கிலிருந்து.
– அதே எக்ஸ்கவேட்டரால் இயந்திரக் கொட்டகைக்குத் தளம் சமன்படுத்தினோம்.
– பண்ணைக்குள் 1.8 கி.மீ. சாலை. எங்கள் டிராக்டரும் ஸ்க்ரேப்பரும்.
– சாலைக்குக் கிராவல், குவாரியிலிருந்து எங்கள் டிப்பர் லாரியில்.
– எங்களுக்குப் புது வீடு கட்ட மண் தளமும் செப்டிக் குழியும்.

21.7.2025 அன்று 2,400 லிட்டரும் 19.8.2025 அன்று 2,000 லிட்டரும் டேங்கில் நிரப்பினோம். கணக்குப் பார்ப்பவர் "கட்டுமானம் விவசாயம் அல்ல, அந்த லிட்டரையெல்லாம் கழித்துவிடுங்கள்" என்கிறார். பக்கத்துப் பண்ணைக்காரர் "எல்லாவற்றையும் போடு" என்கிறார். எது சரி? அக்டோபர் 28க்குள் பிஏஎஸ் அனுப்ப வேண்டும்.

---

பதில்: பேரேடு

இரண்டு பேர் சொல்வதும் தவறு. ஒருவர் கைக்கு வரவேண்டிய பணத்தை விடச் சொல்கிறார், மற்றவர் திருப்பிக் கட்டவேண்டிய பணத்தை வாங்கச் சொல்கிறார்.

"இது விவசாயமா?" என்ற கேள்வியையே விட்டுவிடுங்கள். எரிபொருள் வரிச் சட்டம் 2006, பிரிவு 41-5 கேட்பது வேறு: அந்த டீசலை உங்கள் தொழிலை நடத்துவதற்காக வாங்கினீர்களா, வாங்கிய நேரத்தில் ஜிஎஸ்டி பதிவு இருந்ததா (அல்லது பதிந்திருக்க வேண்டியவரா). குட்டை ஆடுகளுக்குத் தண்ணீர் தருகிறது, கொட்டகையில் அறுவடை இயந்திரம் நிற்கப்போகிறது, சாலையில் தானிய லாரி போகப்போகிறது. மூன்றும் பண்ணைத் தொழிலுக்கான வேலை. கட்டுமானம் என்பதற்காக ஒரு லிட்டர்கூடக் குறையாது. செலவு மூலதனக் கணக்கில் போனாலும் கிரெடிட்டுக்கு அது தடை இல்லை.

உங்கள் கணக்காளர் சொல்வது எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிகிறது. 1982இல் வந்த டீசல் தள்ளுபடித் திட்டத்திலும், அதற்குப் பதிலாக 1.7.2003இல் வந்த எனர்ஜி கிராண்ட்ஸ் திட்டத்திலும் பட்டியல் முறைதான். பட்டியலில் பெயர் இருந்தால் பணம், இல்லையென்றால் இல்லை. அந்தப் பட்டியலிலேயே கொட்டகை, பட்டி, சைலோ (தானியம், தீவனம் வைக்கும் கலன்), குட்டை, தண்ணீர்த் தொட்டி, பாசன வாய்க்கால், வேலி, தீத்தடுப்புப் பாதை எல்லாம் விவசாயக் கட்டுமானமாக இடம் பெற்றிருந்தன. ஆக, பழைய விதிப்படி பார்த்தாலும் உங்கள் குட்டைக்குத் தடை இருந்திருக்காது.

1.7.2006இல் இப்போதைய திட்டம் தொடங்கியது. 1.7.2008 முதல், பட்டியலில் இல்லாத மற்ற தொழில் வேலைகளுக்கு ஆஃப்-ரோடு டீசலில் பாதி வரி (லிட்டருக்கு 19.0715 சென்ட்) கிடைத்தது. 1.7.2012 முதல் முழு வீதம், அதாவது வரி முழுவதும். அதன் பிறகு 30.6.2014 வரை, கார்பன் விலை (கரியமில வாயு வெளியேற்றத்துக்கான கட்டணம்) இருந்த காலத்தில் விவசாயத்துக்கும் மற்றத் தொழிலுக்கும் வீதம் வேறுபட்டதால், எது விவசாயம் என்ற கேள்விக்கு மறுபடி வேலை இருந்தது. 1.7.2014க்குப் பிறகு வாங்கிய டீசலுக்கு இந்தப் பிரிவினையே இல்லை. பழைய கையேட்டை வைத்துக்கொண்டு இன்னும் பலர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது கிரெடிட்டைக் குறைப்பது மூன்று விஷயம்தான்.

முதலாவது, சொந்த உபயோகம். நீங்கள் குடியிருக்கப்போகும் வீட்டுக்கான தளமும் செப்டிக் குழியும் தொழில் அல்ல. பண்ணை எல்லைக்குள் இருக்கிறது, பண்ணை டேங்க் டீசல், பண்ணை வேலைக்கு வந்த அதே எக்ஸ்கவேட்டர் என்ற எதுவும் இங்கே உதவாது. அந்த மணிநேரத்துக்குரிய லிட்டர் வெளியே. (ஆடு மயிர் கத்தரிக்க வருபவர்கள் தங்கும் குவார்ட்டர்ஸ் கட்டினால் அது வேறு கதை, அது தொழிலுக்கான கட்டடம்.)

இரண்டாவது, 4.5 டன் அல்லது அதற்குக் குறைவான ஜிவிஎம் (சுமையோடு சேர்த்து வண்டிக்கு அனுமதித்த அதிகபட்ச எடை) உள்ள வண்டி பொதுச் சாலையில் ஓடினால் கிரெடிட் பூஜ்ஜியம். பிரிவு 41-20. ஹைலக்ஸ், லேண்ட்குரூசர் எல்லாம் இதில்தான் வரும். அதே யூட் (பிக்கப் வண்டி) பண்ணைக்குள் ஓடிய லிட்டருக்கு முழு வீதம் உண்டு.

மூன்றாவது, 4.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டி பொதுச் சாலையில் ஓடினால் ரோடு யூசர் சார்ஜ் (சாலை உபயோகக் கட்டணம்) கழித்த மீதிதான். 2025–26இல் அந்தச் சார்ஜ் லிட்டருக்கு 32.4 சென்ட். 4.8.2025 முதல் டீசல் கலால் வரி 51.6 சென்ட், அதற்கு முன் 3.2.2025 முதல் 50.8 சென்ட். ஆகவே உங்கள் டிப்பருக்குக் குவாரிப் பயணத்தில் 51.6 அல்ல, 19.2 சென்ட். டிப்பர் 1.1.1996 அன்றோ அதற்குப் பிறகோ தயாரானதாக இருந்தால் கனரக டீசல் வண்டிக்கான சுற்றுச்சூழல் நிபந்தனை அதிலேயே நிறைவேறிவிடும். பழைய லாரி என்றால் அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

டிராக்டரும் கிரேடரும் ஒரு வயலிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பொதுச் சாலையில் ஏறினாலும் முழு வீதம்தான். அவற்றின் முதன்மையான வேலைக்கு அந்தச் சாலைப் பயணம் துணைக்காரியம் மட்டுமே என்பதால் சார்ஜ் கழிக்க வேண்டியதில்லை. லாரிக்கு அந்தச் சலுகை கிடையாது, ஏனென்றால் லாரியின் வேலையே சாலையில் ஓடுவதுதான்.

---

பதில்: லோலோடர்

பேரேடு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கட்டுமான வேலையில் தகராறு வருவது பெரும்பாலும் "எந்த வேலை" என்பதில் இல்லை, "யாருடைய டீசல்" என்பதில்தான்.

டிரை ஹையர்: இயந்திரம் மட்டும் வாடகை, டீசல் நீங்கள் ஊற்றுகிறீர்கள். கிரெடிட் உங்களுடையது. நீங்கள் செய்தது இதுதான்.

வெட் ஹையர்: ஆபரேட்டரும் டீசலும் சேர்த்து மணிக்கு இவ்வளவு. டீசலை வாங்கியவர் கான்டிராக்டர், கிரெடிட்டும் அவருடையது. அவர் பில்லில் "டீசல் 380 லிட்டர்" என்றோ "ஃப்யூயல் லெவி" என்றோ தனி வரி போட்டிருந்தாலும் அது வேலைக்கான விலையின் ஒரு பகுதிதான். நீங்கள் வாங்கியது மண் வெட்டும் சேவை, டீசல் அல்ல. அந்த 380 லிட்டரை உங்கள் பிஏஎஸ்ஸில் கிரெடிட் கோரும் 7டி கட்டத்தில் சேர்த்தால் ஒரே லிட்டருக்கு இரண்டு பேர் கோரியதாக ஆகும். ஏற்கெனவே ஒருவருக்கு உரிமை வந்துவிட்ட எரிபொருளுக்கு இன்னொருவருக்குக் கிடையாது என்று பிரிவு 41-15 நேராகவே சொல்கிறது.

நடுவில் ஒரு மூன்றாவது வகை இருக்கிறது, அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கான்டிராக்டர் தன் இயந்திரத்தோடு வருகிறார், மூன்றாம் நாள் அவருடைய டீசல் தீர்கிறது, உங்கள் டேங்கிலிருந்து 300 லிட்டர் எடுத்துக்கொள்கிறார். பிறகு பில்லில் அதை லிட்டர் விலைக்குக் கழித்துக்கொள்கிறார். கழித்துக்கொண்டார் என்றால் நீங்கள் அவருக்கு டீசல் விற்றிருக்கிறீர்கள். அந்த 300 லிட்டருக்கு நீங்கள் கோர முடியாது, அவர்தான் கோருவார். மாறாக "டீசல் பண்ணையுடையது, கான்டிராக்டர் இயந்திரமும் ஆளும் மட்டும்" என்று தொடக்கத்திலேயே பேசி, அந்த விலையில்தான் வேலை ஒப்புக்கொள்ளப்பட்டது என்றால் கிரெடிட் உங்கள் பக்கம். வேலை தொடங்கும் முன் மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்: டீசல் யார் தருவது, கிரெடிட் யார் கோருவது. பின்னால் வருகிற குழப்பம் எல்லாம் அந்த ஒரு வரி இல்லாததால்தான்.

வீட்டுத் தளம் பற்றியும் ஒன்று. நீங்களே வெட்டினால் உங்கள் டீசல் சொந்த உபயோகம், கிரெடிட் இல்லை. அதே தளத்தைக் கான்டிராக்டர் வெட் ஹையரில் வெட்டினால், அவருக்கு அது தொழில், அவர் எரித்த டீசலுக்கு அவர் கோரலாம். கட்டடம் யாருடைய வீடு என்பது அவருடைய கோரிக்கையைப் பாதிக்காது. அதனால் வீட்டு வேலைக்கு விலை கேட்கும்போது டீசலையும் சேர்த்தே கேளுங்கள். கிரெடிட் தனக்கு வரும் என்று தெரிந்த கான்டிராக்டர் அதை விலையில் பார்த்துக்கொள்வார்.

வாடகை எக்ஸ்கவேட்டர் டேங்க் நிறைந்து வந்திருக்கும். அந்த முதல் டேங்க் நீங்கள் வாங்கியதல்ல. திருப்பி அனுப்பும் முன் நீங்களே உங்கள் டேங்கிலிருந்து நிறைத்து அனுப்புங்கள். அப்போதுதான் நீங்கள் எரித்த லிட்டரும் நீங்கள் வாங்கிய லிட்டரும் ஒத்துப்போகும்.

---

வாய்க்கால்

மிக்க நன்றி, இருவருக்கும். நோட்டில் இருப்பது இது. எக்ஸ்கவேட்டர் சராசரியாக மணிக்கு 15 லிட்டர் (நிறைத்து நிறைத்துப் பார்த்தது). குட்டை 62 மணி, கொட்டகைத் தளம் 14 மணி, வீட்டுத் தளமும் செப்டிக்கும் 18 மணி. டிராக்டர் சாலைக்கு 40 மணி, மணிக்கு 22 லிட்டர். டிப்பர் 400 லிட்டர், அதில் பண்ணைக்குள் ஓடியதும் கொட்டியதும் சுமார் 60. யூட் 300 லிட்டர், லாக்புக்படி 55 சதவீதம் பண்ணைக்குள், மீதி ஊர் வேலை (பெரும்பாலும் பண்ணைக்காகத்தான், உதிரி பாகம் வாங்க). மீதி டீசல் பயிர் வேலை. செப்டம்பர் 30 அன்று டேங்கில் 250 லிட்டர் மிச்சம்.

இன்னும் சில சந்தேகம். டேங்கில் மிச்சமிருப்பதை இப்போது கோரலாமா? கொட்டகைக் கான்கிரீட்டுக்குப் பலகை அச்சில் டீசல் தடவினோம், அதற்கும் உண்டா? வெல்டிங்குக்கு ஜெனரேட்டர் ஓட்டினோம். யூட் ஊருக்குப் போனதும் தொழிலுக்குத்தானே?

---

பதில்: பேரேடு

நல்ல நோட்டு. இதை வைத்தே முடித்துவிடலாம்.

குட்டை: 62 × 15 = 930 லிட்டர், முழு வீதம்.
கொட்டகைத் தளம்: 14 × 15 = 210, முழு வீதம்.
வீடு, செப்டிக்: 18 × 15 = 270, இல்லை.
உள் சாலை: 40 × 22 = 880, முழு வீதம்.
டிப்பர்: பண்ணைக்குள் 60 முழு வீதம், பொதுச் சாலையில் 340 கனரக வண்டி வீதம்.
யூட்: 300இல் 165 முழு வீதம், 135 இல்லை.
மீதி: 4,400இலிருந்து மேலே உள்ள 2,990 போக 1,410. டேங்கில் இருக்கும் 250 இதற்குள் அடக்கம். முழு வீதம்.

முழு வீதத்தில் 3,655 லிட்டர், கனரக வீதத்தில் 340, ஒன்றும் இல்லாதது 405. மூன்றையும் கூட்டினால் 4,400 வருகிறது. இந்தக் கூட்டலை ஒவ்வொரு காலாண்டும் செய்யுங்கள். வாங்கிய லிட்டரும் பிரித்த லிட்டரும் ஒத்துவரவில்லை என்றால் எங்கோ ஒரு லிட்டர் இரண்டு இடத்தில் நிற்கிறது.

டேங்கில் மிச்சம் இருப்பதைப் பற்றி: கிரெடிட் நீங்கள் வாங்கும்போது என்ன உபயோகத்துக்கு வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. எரிந்து முடியக் காத்திருக்க வேண்டியதில்லை. ஜிஎஸ்டி கிரெடிட் எடுக்கும் அதே பிஏஎஸ்ஸில் இதையும் எடுக்கலாம். ஆனால் அந்த 250 லிட்டர் அக்டோபரில் வீட்டு வேலைக்குப் போனால், அடுத்த பிஏஎஸ்ஸில் 7சி கட்டத்தில் அதைத் திருப்பிக் காட்ட வேண்டும். திருட்டுப் போனதும் கசிந்து போனதும் அப்படித்தான். தொழிலில் உபயோகிக்காத டீசலுக்குக் கிரெடிட் இல்லை.

வீதம்: ஆண்டுக்கு 10,000 டாலருக்குக் குறைவாகக் கோருபவர் என்பதால் பிஏஎஸ் காலத்தின் கடைசி நாளில் இருக்கும் வீதத்தையே முழுக் காலாண்டுக்கும் போடலாம். ஜூலையில் வாங்கிய 2,400 லிட்டரைத் தனியே 50.8இல் கணக்கிட வேண்டியதில்லை.

3,655 × 0.516 = 1,885.98
340 × 0.192 = 65.28
கூட்டல் 1,951.26. 7டி கட்டத்தில் 1,951, சென்ட் வேண்டாம்.

கொள்முதல் தேதி வாரியாகப் பிரித்துப் போட்டிருந்தால் அதிகபட்சம் 19 டாலர் குறைந்திருக்கும். உங்கள் கணக்காளர் சொன்னபடி கட்டுமான லிட்டர் முழுவதையும் கழித்திருந்தால் குட்டை, தளம், சாலை, டிப்பர் சேர்த்து 1,100 டாலருக்கு மேல் போயிருக்கும். பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னபடி 4,400 லிட்டரையும் முழு வீதத்தில் போட்டிருந்தால் 2,270 டாலர் வாங்கியிருப்பீர்கள், அதில் 319 திருப்பிக் கொடுக்கவேண்டியது.

பலகை அச்சு: உண்டு. எஞ்சினில் எரித்தால்தான் என்று இல்லை. அச்சு எண்ணெயாகவும் இயந்திரப் பாகம் கழுவவும் உபயோகித்த டீசலும் தொழிலுக்கு உபயோகித்ததே. அளவு சில லிட்டர்தான் இருக்கும், தனி வரி எழுதி வையுங்கள், போதும்.

ஜெனரேட்டர்: கொட்டகை வெல்டிங்குக்கு ஓட்டியது முழு வீதம்.

யூட் ஊருக்குப் போனது: இங்கேதான் எல்லோரும் இரண்டு கணக்கைக் குழப்புகிறார்கள். உதிரி பாகம் வாங்கப் போனது தொழில்தான், அதனால் அந்த டீசலின் ஜிஎஸ்டியை பிஏஎஸ்ஸின் 1பி கட்டத்தில் எடுக்கலாம், செலவாகவும் காட்டலாம். ஆனால் எரிபொருள் வரிக் கிரெடிட்டில் சிறிய வண்டியின் பொதுச் சாலை ஓட்டத்துக்குத் தொழிலா இல்லையா என்ற கேள்வியே எழுவதில்லை, நேராகப் பூஜ்ஜியம். ஆக யூட்டுக்கு இரண்டு சதவீதம் வைத்துக்கொள்ள வேண்டும்: ஜிஎஸ்டிக்குத் தொழில் சதவீதம், இதற்குப் பண்ணைக்குள் ஓடிய சதவீதம். கணக்கு மென்பொருளில் ஒன்றை மட்டும் பதிந்து இரண்டுக்கும் அதையே ஓட்டவிட்டால் ஒவ்வொரு காலாண்டும் தவறு திரும்பும்.

வீட்டுத் தளத்து 270 லிட்டரில் ஜிஎஸ்டியையும் எடுக்கக்கூடாது. அதை மறந்துவிடாதீர்கள்.

---

பதில்: ஹவர்மீட்டர்

லிட்டர் எப்படி வந்தது என்பதைப் பற்றி. கட்டுமான வேலையில் "மணிக்கு 15" என்ற எண் எல்லா மணிக்கும் பொருந்தாது. எக்ஸ்கவேட்டரின் மீட்டர் எஞ்சின் ஓடினாலே சுற்றும். கெட்டிக் களிமண்ணில் பக்கெட் முழுக்க எடுத்து வெட்டும் ஒரு மணிநேரத்துக்கும், கால்வாய் மட்டம் பார்க்க எஞ்சினை ஓடவிட்டு நிற்கும் ஒரு மணிநேரத்துக்கும் டீசல் பல மடங்கு வித்தியாசம். குட்டையில் பெரும்பாலும் கடின வேலை, செப்டிக் குழியில் பெரும்பாலும் சில்லறை வேலையும் காத்திருப்பும். ஒரே சராசரியைப் போட்டால் வீட்டுக்கு அதிக லிட்டரும் குட்டைக்குக் குறைந்த லிட்டரும் விழும், அதாவது உங்களுக்குத்தான் நஷ்டம்.

சரியாகச் செய்ய வழி சுலபம். ஒரு வேலை முடிந்து அடுத்ததற்குப் போகும்போது இயந்திரத்தைச் சமதளத்தில் நிறுத்தி டேங்க் கழுத்து வரை நிறையுங்கள். முந்தைய நிறைப்பிலிருந்து இந்த நிறைப்பு வரை ஊற்றியது அந்த வேலையின் லிட்டர். சரிவில் நிறைத்தால் ஒவ்வொரு தடவையும் அளவு மாறும், ஒரு வேலையின் லிட்டர் அடுத்ததன் கணக்கில் ஏறும்.

பண்ணை டேங்கின் நாசிலில் டிஜிட்டல் மீட்டர் இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை 20 லிட்டர் கேனில் பிடித்துச் சரிபாருங்கள். நாசில் பக்கத்தில் ஒரு நோட்டு, கயிற்றில் பென்சில் (பேனா குளிரிலும் தூசியிலும் எழுதாது). ஐந்து கட்டம் போதும்: தேதி, இயந்திரம், ஹவர் மீட்டர், லிட்டர், வேலை. "வேலை" கட்டத்தில் "மண் வேலை" என்று எழுதாதீர்கள். "வடக்குக் குட்டை", "கொட்டகைத் தளம்", "வீடு" என்று எழுதுங்கள். இரண்டு ஆண்டு கழித்து ஏடிஓ (வரி அலுவலகம்) கேட்டால் "மண் வேலை" எந்தப் பக்கம் என்று உங்களுக்கே நினைவிருக்காது.

ஆண்டுக்கு 10,000 டாலருக்குக் கீழே கோருபவர்களுக்கு வாங்கிய லிட்டரைக் கண்டுபிடிக்க இன்னும் எளிய வழியும் உண்டு: அந்த பிஏஎஸ் காலத்தில் டீசலுக்குக் கொடுத்த மொத்தத் தொகையைச் சராசரி லிட்டர் விலையால் வகுக்கலாம். ஆனால் அதில் வருவது மொத்த லிட்டர் மட்டுமே. வீடு, யூட், டிப்பர் என்று பிரிப்பதை அது செய்து தராது. அந்தப் பிரிப்பு நியாயமான முறையில் இருக்க வேண்டும், எப்படிப் பிரித்தீர்கள் என்பதற்குத் தாள் இருக்க வேண்டும், 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

பில்லிலும் ஒரு கண். எரிபொருள் டெலிவரி பில்லில் டீசலோடு ஆட்ப்ளூ (டீசல் புகையைச் சுத்தப்படுத்தும் திரவம்), எஞ்சின் ஆயில், கிரீஸ் எல்லாம் ஒன்றாக வரும். ஆட்ப்ளூவும் லிட்டரில்தான் அச்சாகும், மொத்த லிட்டரில் சேர்ந்துவிடும். அது எரிபொருளே அல்ல, அதற்குக் கிரெடிட் இல்லை. மறுபக்கம், பம்புக்கும் குவாட் பைக்குக்கும் போட்ட பெட்ரோலை விட்டுவிடுகிறார்கள். பண்ணைக்குள் தொழிலுக்கு எரித்த பெட்ரோலுக்கும் கிரெடிட் உண்டு. பயோடீசல் கலப்பு 20 சதவீதம் வரை இருந்தால் முழுவதையும் டீசலாகவே கணக்கிடலாம்.

டிப்பரின் 60 லிட்டரைப் பற்றிப் பயப்பட வேண்டாம், ஆனால் காரணம் எழுதி வையுங்கள்: பண்ணை வாசலிலிருந்து கொட்டும் இடம் வரை எத்தனை கி.மீ., எத்தனை நடை, பிடிஓ (எஞ்சின் விசையை எடுத்துத் தரும் இணைப்பு) போட்டுத் தொட்டியைத் தூக்க எவ்வளவு நேரம். பண்ணைச் சாலை பொதுச் சாலை அல்ல, அதனால் வாசலைத் தாண்டி உள்ளே வந்த நொடி முதல் முழு வீதம்.

---

வாய்க்கால்

நாசில் நோட்டு இன்றே தொங்கவிட்டாயிற்று. கடைசியாக ஒன்று. 2023இலும் 2024இலும் இதே கணக்காளர் சொல்லித்தான் வேலி வேலைக்கும் சைலோ தளத்துக்கும் எரித்ததைக் கோராமல் விட்டோம். இப்போது கேட்கலாமா?

---

பதில்: பேரேடு

கேட்கலாம். எந்த பிஏஎஸ்ஸில் கோரியிருக்க வேண்டுமோ, அதை அனுப்பவேண்டிய கெடு நாளிலிருந்து 4 ஆண்டு வரை உரிமை இருக்கிறது, அதன் பிறகு போய்விடும். பழைய பிஏஎஸ்ஸைத் திருத்தலாம், இல்லையென்றால் அடுத்த பிஏஎஸ்ஸின் 7டியில் சேர்க்கலாம்.

ஆனால் இந்தக் காலாண்டின் 51.6ஐப் பழைய லிட்டருக்குப் போட்டுவிடாதீர்கள். டீசல் வாங்கிய காலத்தின் வீதம்தான். கலால் வரி பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் மாறுகிறது. 2023 பிப்ரவரி முதல் 47.7, அந்த ஆகஸ்ட் முதல் 48.8, 2024 பிப்ரவரி முதல் 49.6, ஆகஸ்ட் முதல் 50.6. இன்னும் பின்னால் 2022க்குப் போகிறீர்கள் என்றால் கூடுதல் கவனம்: மார்ச் 30 முதல் செப்டம்பர் 28 வரை வரியைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள், 44.2 சென்ட் 22.1 ஆனது. அந்த மாதங்களில் வாங்கிய டீசலுக்கு, அதை நவம்பரில் எரித்திருந்தாலும், குறைந்த வீதம்தான். பொதுச் சாலையில் ஓடிய லாரிக்கு அப்போது ஒன்றுமே இல்லை, ரோடு யூசர் சார்ஜ் வரியைவிட அதிகமாக இருந்ததால். ஏடிஓ தளத்தில் உள்ள கால்குலேட்டரில் கொள்முதல் தேதியைக் கொடுத்தால் அந்தந்த வீதத்தை அதுவே எடுத்துக்கொள்ளும்.

பழைய லிட்டரைப் பிரிக்க நாசில் நோட்டு இருக்காது. வாடகை இயந்திரத்தின் ரசீதில் மணிநேரம் அச்சாகியிருக்கும், வேலிக் கம்பி வாங்கிய பில்லில் தேதி இருக்கும், டீசல் டெலிவரி பில் இருக்கும். இவற்றிலிருந்து மணிநேரத்தை எடுத்து, இப்போது அளந்த மணிக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கால் பெருக்குங்கள். அதே இயந்திரம், அதே மாதிரி மண் என்றால் அது நியாயமான முறைதான். மணிநேரம் எங்கிருந்து வந்தது என்ற தாளைக் கூடவே பின் செய்து வையுங்கள். தாள் எதுவும் இல்லாத வேலைக்கு ஊகத்தில் லிட்டர் போடாதீர்கள்.

இன்னொன்றையும் கணக்காளரிடம் கேளுங்கள். கையில் வரும் கிரெடிட் வருமானமாகக் காட்டவேண்டியது. கூடவே, வேலிக்கும் தண்ணீர் வசதிக்கும் (உங்கள் குட்டை இதில் வரும்) முதனிலை உற்பத்தியாளர்கள் (உங்களைப் போன்ற பண்ணைக்காரர்கள்) 12.5.2015 முதல் முழுச் செலவையும் அந்த ஆண்டே கழிக்கலாம். தீவனச் சேமிப்புக்கு, சைலோவும் அதில் சேரும், 19.8.2018 முதல் அதே வசதி. இயந்திரக் கொட்டகைக்கு அது கிடையாது, ஆண்டுக்கு 2.5 சதவீதம்தான். கட்டுமான டீசல் என்று ஒரே தலைப்பில் எழுதியிருந்தால் இதைப் பிரிக்க முடியாது. நோட்டில் வேலை வாரியாக எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

---

பதில்: லோலோடர்

வேலி வேலையைக் கான்டிராக்டரிடம் கொடுத்திருந்தீர்களா, நீங்களே செய்தீர்களா என்று முதலில் பாருங்கள். போஸ்ட் டிரைவரோடு (வேலிக் கம்பம் அடிக்கும் கருவி) ஆள் வந்து அடித்துக் கொடுத்துவிட்டு மீட்டருக்கு இவ்வளவு என்று வாங்கியிருந்தால், அந்த டீசல் அவருடையது. உங்கள் டிராக்டரில் அவருடைய போஸ்ட் டிரைவரை மாட்டி, உங்கள் டேங்க் டீசலில் ஓட்டியிருந்தால் உங்களுடையது. சைலோ தளத்துக்குக் கான்கிரீட் கொண்டுவந்த மிக்சர் லாரியின் டீசலும் அதே மாதிரி, சப்ளை செய்தவருடையது. தளத்தைச் சமன்படுத்திய உங்கள் டிராக்டர், கிட்டித்த ரோலர், அதிர்வுக் கருவிக்கு ஓடிய ஜெனரேட்டர் மட்டும் உங்கள் கணக்கில் வரும்.